கண்டிஷன் அக்காவின் 'மிச்சம்'

மலேசியாவின் மூவாரில் கண்டிஷன் அக்காவிடம் கையெழுத்துப் போடாமல் தப்பித்த மனிதரே கிடையாது. நான் ஸ்டோர் கிளார்க்காக இருந்த நாற்காலி, மேசைத் தொழிற்சாலையில் அவர் வரைபடம் போடுபவர். ஸ்டேப்ளர் இரவல் கேட்டால்கூட, "எடுத்துக்க தம்பி. ஆனா ஒரு கண்டிஷன்..." என்று ஆரம்பிப்பார்.

பலகையை எப்படி அறுத்தால் குறைவாக வீணாகும் என்று சொல்லும் மென்பொருள் ஒன்றை வீட்டில் உட்கார்ந்து அவரே எழுதினார். பெயர் 'மிச்சம்'. யார் கேட்டாலும் இலவசம். ஆனால் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும்: யாருக்கும் காப்பி கொடுக்கலாம், விற்கக் கூடாது, மாற்றி எழுதினால் அந்தப் பெயரை வைக்கக் கூடாது. பொந்தியான் பட்டறைக்கு இதைப் பென்டிரைவில் கொண்டுபோன லாரி டிரைவரையும் விடவில்லை.

"எனக்குக் கம்ப்யூட்டரே இல்லக்கா!"

"கையில பென்டிரைவ் இருக்கு லா. போடு."

ஒருநாள் டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் எங்களிடமே 'மிச்சம்' விற்க வந்தார். பெருமையாக உதவிப் பக்கத்தைத் திறந்து காட்டினார். 'சந்தேகம் இருந்தால் அக்காவைக் கேட்கவும்' என்றிருந்தது.

"எந்த அக்கா?" என்றார் அக்கா.

விற்பனையாளர் அந்தப் பக்கத்தைச் சட்டென்று மூடினார். பிறகு சமாளித்துக்கொண்டு, "இந்தப் பேர எங்க கம்பெனி பேர்ல பதிவு பண்ண விண்ணப்பிச்சாச்சு. நீங்கதான் வேற பேர் வைக்கணும்" என்றார்.

"பேர்தானேக்கா, மாத்திடுங்க லா" என்றார் எங்கள் சூப்பர்வைசர்.

"பேர விட்டா, இலவசமா வச்சிருக்கிற அத்தனை பேருக்கும் வக்கீல் நோட்டீஸ் போகும். இவங்க கெடுத்து வித்ததுக்கும் என்னைத்தான் திட்டுவாங்க. விட மாட்டேன்."

லீவு போட்டார். கோப்பு தூக்க என்னையும் லீவு போட வைத்தார். பஸ் ஏறி பொந்தியான், சிம்பாங் ரெங்கம் என்று பட்டறை பட்டறையாக அலைந்து, 'இந்தப் பெயரில் இதை முதலில் கொடுத்தது அக்காதான்' என்று சத்தியப் பிரமாணம் சேர்த்தோம். ஒரு பட்டறைக்காரர், "அலமாக், மறுபடியும் கையெழுத்தா?" என்று அலறிப் பின்வாசல் வழியே நழுவப் பார்த்தார். அக்கா அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

மூன்று கோப்புகளைப் பார்த்த வக்கீல் அம்மா, "பத்துப் பேர் போதுமே" என்றார்.

"எல்லாரையும் போடுங்க."

எங்கள் ஆட்சேபமும், அக்கா பெயரில் ஒரு விண்ணப்பமும் பதிவாயின. மாதக்கணக்கில் இழுத்தது. அக்கா அசரவில்லை. கடைசியில் அந்தக் கம்பெனி விண்ணப்பத்தை வாபஸ் வாங்கி, இனி விற்க மாட்டோம் என்று எழுதியும் கொடுத்தது. அந்தக் கடிதத்தில் இருந்த எழுத்துப் பிழைகளைத் திருத்தி, மறுபடி எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பினார்.

'மிச்சம்' அக்கா பெயரில் பதிவான சான்றிதழ், மின்சாரம் இல்லாமல் இயந்திரங்களெல்லாம் நின்றிருந்த ஒரு மதியம் வந்து சேர்ந்தது. படித்துவிட்டுப் பலகை அடுக்குக்குப் பின்னால் போனவர், கொஞ்ச நேரம் கழித்துக் கண் சிவக்கத் திரும்பி வந்தார்.

"தூசி, தம்பி" என்றார்.

"ஆமாக்கா, இன்னிக்கு ரொம்பத் தூசி" என்றேன்.