பொட்டு சாரின் கடிகாரம்

மல்லேஸ்வரத்தில் பொட்டு சாரின் குங்குமத்துக்குத் தப்பிய இயந்திரமே கிடையாது. எங்கள் மருந்து ஏஜென்சியின் தலைமைக் கணக்கர் அவர். ஆயுத பூஜை வந்தால் ஃபேன், ஸ்டேப்ளர், வாசலில் நிற்கும் எவனோ ஒருவனுடைய ஸ்கூட்டர், எல்லாவற்றுக்கும் பொட்டு விழும். அவருடைய பழைய கம்ப்யூட்டருக்கு மட்டும் தனி மரியாதை. தினமும், "போய்ட்டு வரேம்ப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் அணைப்பார்.

ஒரு சனிக்கிழமை மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அப்போதும் கம்ப்யூட்டரிடம் சொல்லிக்கொண்டு, அணைத்துவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறினார். இருதய ஆபரேஷன் என்றார்கள்.

திங்கட்கிழமை அவர் வேலையைப் பார்க்க நான் அந்தக் கம்ப்யூட்டரைப் போட்டேன். அதன் கடிகாரம், சார் அணைத்துவிட்டுப் போன சனிக்கிழமை மதியம் என்றே காட்டியது. பயந்து அணைத்தேன். மறுநாள் போட்டால் அப்போதும் அதே சனிக்கிழமை மதியம்.

டைப்பிஸ்ட் ஸ்டெல்லாவின் முகம் வெளுத்துவிட்டது. "கடியாரம் நின்னா நல்லதில்லைன்னு சொல்வாங்க. இன்னிக்கு அவருக்கு ஆபரேஷன். எப்படியாச்சும் ஓட வைங்க."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் ஸ்க்ரூடிரைவர் தேடி ஓடியவன் நான்தான்.

மாடியில் இருந்த ரிப்பேர்க்காரரைக் கேட்டோம். உள்ளே நாணயம் மாதிரி வெள்ளையாக ஒரு பேட்டரி இருக்கும், அணைத்த பிறகும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான் என்றார். "சத்தோகிதே" என்று கன்னடத்தில் முடித்தார். செத்துவிட்டதாம். ஸ்டெல்லாவுக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை.

மூடியைக் கழற்றினோம். வெள்ளையாக எதுவும் இல்லை. டார்ச் அடித்தேன். தூசிக்கு நடுவே, காய்ந்த சந்தனம் பூசிய குட்டி நெற்றி ஒன்று குங்குமப் பொட்டோடு எங்களைப் பார்த்தது. ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டாள். சார் ஏற்றும் சாம்பிராணியின் வாசனை வேறு வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சுரண்டினால், அதுதான் பேட்டரி. மனிதர் உள்ளேயும் விட்டுவைக்கவில்லை. ஈரச் சந்தனம் ஓரத்தில் வழிந்து அதன் உயிரை உறிஞ்சியிருந்தது.

புதியதைப் போட்டு, நேரத்தைத் திருத்தி, அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். மறுபடி போட்டபோது கடிகாரம் ஓடியிருந்தது. அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. எடுக்க இரண்டு பேருக்கும் கை வரவில்லை. கடைசியில் ஸ்டெல்லா எடுத்தாள். சார் கண் விழித்துவிட்டாராம்.

திரும்பி வந்தவரிடம் நடந்ததைச் சொன்னோம். "நான் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டிருந்திருக்கு பாருங்க" என்று கம்ப்யூட்டரைத் தடவிக்கொடுத்தார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அவர் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்தபோது யாரும் தடுக்கவில்லை. ஸ்டெல்லாதான் சந்தனம் குழைத்துக் கொடுத்தாள். நான் மட்டும் ஒரு புதுப் பேட்டரியை வாங்கி மேசையில் வைத்திருந்தேன். அவருடைய கடிகாரம் நிற்கக் கூடாது.