உச்சந்தலையில் ஒரு புள்ளி

இனிமேல் இந்த வீட்டில் அழகுக்கென்று யாரும் எதையும் பூசக் கூடாது என்று கண்ணாடிக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டே கால் மணிக்குச் சட்டம் போட்டார்.

காரணம் சின்னதுதான். குளியலறை அலமாரியில் அவருடைய ஷேவிங் பிளேடுக்கு இடமில்லை. மனைவிக்குக் கன்னத்தில் மங்கு. அதற்குக் காலையில் ஒரு களிம்பு, மாலையில் ஒரு களிம்பு, வெயிலில் போனால் ஒரு களிம்பு. மூன்று டப்பாவும் அலமாரியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தன. ஓரத்தில் தொற்றிக்கொண்டிருந்த பிளேடு வழுக்கி வாளிக்குள் விழுந்தது. சட்டம் பிறந்தது.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். வருகிறவர்களை எல்லாம் பொடி எழுத்து வாசிக்கச் சொல்லி, வாசிக்க முடியாதவர்களுக்குக் கண்ணாடி மாட்டிவிடுவது தொழில். அவர் பொடி எழுத்து எதையாவது வாசித்தார் என்று சொல்ல மட்டும் ஆள் கிடையாது.

"அழகு மனசுல இருக்கணும். மூஞ்சியில இல்ல" என்றார்.

"அப்ப பிளேடு எதுக்கு? மனசைச் சிரைக்கவா?" என்றார் மனைவி.

"அது சுத்தம். இது ஆடம்பரம்."

"சரி. சட்டம் ரெண்டு பேருக்குமா, எனக்கு மட்டுமா?"

"ரெண்டு பேருக்கும்தான்! சோப்பு, தண்ணி, சீப்பு. அதுக்கு மேல ஒரு சொட்டு பூசக் கூடாது. ஒரு வருஷம் பந்தயம். தோத்தவங்க வாழ்நாள் பூரா காலைச் சமையல் பண்ணணும்."

பேப்பர் வாங்கிப் போக வந்த எதிர்வீட்டு டீச்சர் வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"டீச்சர், நீங்கதான் சாட்சி" என்றார் கண்ணாடிக்காரர்.

"வாழ்நாள் பூரான்னுதானே சொன்னீங்க? எதுக்கும் இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்டு, உறுதிசெய்துகொண்டு, டீச்சர் பேப்பரோடு போனார்.

மனைவி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. மூன்று டப்பாவையும் எடுத்து ஒரு பையில் போட்டுக் கட்டி, அலமாரியைத் துடைத்தும் கொடுத்துவிட்டார். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் மனைவி இப்படி மறுபேச்சில்லாமல் "சரி" சொன்னபோதெல்லாம் என்ன நடந்தது என்று கண்ணாடிக்காரர் கொஞ்சம் யோசித்திருக்கலாம். அவர் பிளேடை வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வாரம் கடையில் புதிதாக ஒரு பெரிய நிலைக்கண்ணாடி மாட்டினார். ஏற்கெனவே முன்சுவரில் ஒன்று இருந்தது. இதைப் பின்சுவரில் மாட்டிவிட்டு முன்கண்ணாடியைப் பார்த்தவர், கடைக்குள் யாரோ ஒரு வழுக்கை ஆசாமி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதைக் கவனித்தார். உச்சந்தலையில் ஒரு சாஸர் அளவுக்கு வெளிச்சம்.

"வாங்க சார், என்ன வேணும்?" என்று திரும்பினார். யாரும் இல்லை. மறுபடி முன்பக்கம் பார்த்தார். ஆசாமி அங்கேயே இருந்தான். இவர் கையைத் தூக்கினால் அவனும் தூக்கினான். கண்ணாடிக்காரர் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். அவனும் உட்கார்ந்தான்.

அழகு மனசில் இருக்கிறது என்று சொன்ன மனசு அன்று முழுவதும் உச்சந்தலையிலேயே இருந்தது.

அடுத்த தெருவில் ஒரு தோல் ஆஸ்பத்திரி. அங்கே வேலை பார்க்கும் நர்ஸம்மா கண்ணாடிக்குக் கால் மாட்ட வந்தார். பேச்சுவாக்கில், முடி உதிர்வதற்குப் புது லோஷன் ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறோம், ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார். கண்ணாடிக்காரரின் கையிலிருந்த திருகாணி கீழே விழுந்தது.

"பாதிப் பேருக்கு மருந்து கலந்தது. பாதிப் பேருக்கு வெறும் லோஷன். யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும்."

"யாருக்குமே தெரியாதா?"

"யாருக்குமே."

கண்ணாடிக்காரர் அந்த ஒரு சொல்லில் விழுந்தார். அவருடைய கணக்கில் "யாருக்குமே" என்பதில் மனைவியும் அடக்கம்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா சொன்னார்: "சம்மதப் படிவம் பதினெட்டுப் பக்கம். வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நிதானமாப் படிங்க. எப்ப வேணும்னாலும் பாதியில விலகிக்கலாம். யாரும் ஏன்னு கேக்க மாட்டோம்."

"கையெழுத்து எங்க போடணும்?"

"முதல்ல படிங்க."

"படிச்சுட்டேன்."

"நான் இன்னும் குடுக்கவே இல்லையே?"

வேறு வழியில்லாமல் வாங்கிக்கொண்டு போய், கையெழுத்துப் போட வேண்டிய கடைசிப் பக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு வந்தார். அவருக்கென்று கொடுத்த பிரதியைப் பரண்மேல் கம்பளிக்கு அடியில் ஒளித்தார். வெயில் காலத்தில் கம்பளியை யார் எடுக்கப்போகிறார்கள் என்பது அவர் எண்ணம். வெயில் காலத்தில்தான் மனைவி கம்பளிகளை எடுத்து வெயிலில் காயப்போடுவார் என்பது அவருக்குத் தெரியாது. அந்த வேலைக்கு அவர் ஒரு நாளும் ஒத்தாசை செய்ததில்லை.

ஆஸ்பத்திரியில் உச்சந்தலையில் ஒரு நாணயம் அளவு வட்டத்துக்கு முடியை ஒட்டக் கத்தரித்தார்கள். நடுவில் ஊசியால் குட்டியாக ஒரு பச்சைப் புள்ளி குத்தினார்கள். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தைப் படம் பிடித்து, வட்டத்துக்குள் எத்தனை முடி என்று எண்ண வேண்டுமாம்.

"வெளியில தெரியுமா?"

"மூணடி தள்ளி நின்னாத் தெரியாதுங்க."

தன் தலைக்கு மூன்றடிக்குள் யார் வருகிறார்கள் என்று கண்ணாடிக்காரர் வழியெல்லாம் யோசித்தார். யாருமில்லை என்று முடிவுக்கு வந்து, நிம்மதியாக மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் நின்றபடி மனைவி சாதம் பரிமாறினார். கரண்டி ஒரு கணம் அந்தரத்தில் நின்றது.

"என்ன?" என்றார் கண்ணாடிக்காரர்.

"ஒண்ணுமில்ல. குழம்பு போதுமான்னு பாத்தேன்."

லோஷன் பாட்டில், கண்ணாடி துடைக்கும் திரவம் என்ற பெயரில் வீட்டுக்குள் நுழைந்தது. தினம் இரண்டு வேளை குளியலறைக் குழாயைச் சத்தமாகத் திறந்துவிட்டுப் பூசிக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து, காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தார்.

"என்னங்க, உச்சியில முடி கொஞ்சம் அடர்த்தியான மாதிரி இருக்கே?"

"அப்படியா?" என்றார் கண்ணாடிக்காரர். குரல் கீச்சென்று வந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியலையே!"

"வயசும் குறைஞ்ச மாதிரி இருக்கு."

கண்ணாடிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலம் ஏணி போட்டு மூன்று மின்விசிறிகளையும் துடைத்தார். மறுநாள் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார். மூன்று வருஷமாகக் கிறீச்சிட்ட பின்கதவுக்கு எண்ணெய் போட்டார். சனிக்கிழமை, "உங்க அண்ணன் வீட்டுக்குப் போய் ரொம்ப நாளாச்சே" என்று அவரே வாய்விட்டுச் சொன்னார். வாசலில் நின்ற எதிர்வீட்டு டீச்சர் இதைக் கேட்டுப் பிடித்துக்கொள்ளச் சுவர் தேடினார்.

அடுத்த வாரம் மனைவி முடியைப் பற்றி மூச்சு விடவில்லை. கண்ணாடிக்காரர் இரண்டு மூன்று தடவை தலையைக் குனிந்து குனிந்து காட்டிப் பார்த்தார். "கழுத்து வலியா?" என்றுதான் மனைவி கேட்டார். சோபாவில் சாய்ந்த கண்ணாடிக்காரர் வாரம் பூராவும் எழுந்திருக்கவில்லை. அதற்கடுத்த வாரம், "நேத்து கடைக்கு வந்தப்பப் பாத்தேன், யாரோ காலேஜ் பையன் நிக்கிறான்னு நெனச்சேன்" என்றார் மனைவி. ஜன்னல் கம்பிகள் எல்லாம் பளபளத்தன.

ஆஸ்பத்திரியில் கொடுத்த நாட்குறிப்பில் தினமும் எழுத வேண்டும். மனைவி பாராட்டிய வாரங்களில் "அபாரம்" என்று எழுதினார். மற்ற வாரங்களில் "சுமார்". ஆறு மாதம் இப்படியே ஓடியது. சோதனை முழுவதும் முடிந்து, யாருக்கு எது என்று பிரித்துப் பார்க்க மேலும் இரண்டு மாதம் ஆனது. பிறகு டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினார்.

"உங்களுக்கு வந்தது வெறும் லோஷன்."

"இருக்காதே! முடி நல்லா வந்திருக்கே!"

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார். "வட்டத்துக்குள்ள முதல் நாள் தொண்ணூத்து நாலு முடி. கடைசி நாள் தொண்ணூத்து மூணு."

"ஆனா வீட்டுல சொன்னாங்களே..."

"சொன்னாங்களா?" டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "ரொம்ப நல்ல வீடுங்க உங்க வீடு."

வெறும் லோஷன் வந்தவர்களுக்கு இரண்டாம் கட்டத்தில் நிஜ மருந்தே தருவார்களாம். விருப்பமிருந்தால் கையெழுத்துப் போட்டு வரச் சொல்லி இன்னொரு படிவம் கொடுத்தார்.

கண்ணாடிக்காரர் கடைக்குப் போகாமல் வீட்டுக்கு நடந்தார். இல்லாத முடியை இருப்பதாகச் சொல்லி ஆறு மாதம் தன் மனதைக் குளிர வைத்திருக்கிறாள். நாமோ அவள் களிம்பைப் பிடுங்கிவிட்டு, திருட்டுத்தனமாக லோஷன் பூசியிருக்கிறோம். எட்டு மாதத்தில் அவள் கன்னத்து மங்கு இன்னும் கறுத்துவிட்டது. அவள் ஒரு சொல் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவருக்குத் தன்னை நினைத்து வெட்கமாக இருந்தது. பந்தயம் போனால் போகட்டும், வாழ்நாள் பூரா சமைத்தாலும் சமைக்கிறேன், இன்று உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தார்.

சொல்லிவிட்டார். படிவத்தை மேஜைமேல் வைத்து, கண் கலங்க, முழுதும் சொன்னார்.

"தெரியும்" என்றார் மனைவி.

"எப்பலேருந்து?"

"புள்ளி குத்துன அன்னிக்கு மத்தியானத்துலேருந்து. ஒரு ஆள் தலையில புதுசாப் புள்ளி முளைச்சா, சோறு போடறவளுக்குத் தெரியாதா? மறுவாரம் கம்பளிக்கு அடியில படிவம் கிடைச்சுது. பதினெட்டுப் பக்கமும் படிச்சேன். ரொம்ப நல்லா எழுதியிருந்தாங்க."

"அப்பவே சொல்லியிருந்தா நீ ஜெயிச்சிருப்பியே!"

"ஜெயிச்சு? வாழ்நாள் பூரா உங்க சமையலை நான்தானே சாப்பிடணும்?"

மனைவி அலமாரியிலிருந்து கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து வந்து விரித்தார்.

"படிவத்தைப் படிச்சதும் எனக்கும் ஆசை வந்துடுச்சு. ஒத்தைப்படை வாரம் முடி வளந்திருக்குன்னு சொல்லணும். ரெட்டைப்படை வாரம் வாயைத் திறக்கக் கூடாது. நீங்க என்னென்ன வேலை செஞ்சீங்கன்னு டீச்சர் எண்ணிக் குறிச்சாங்க. அவங்களுக்கு எது எந்த வாரம்னு தெரியாது. தெரிஞ்சாக் கணக்குல ஓரவஞ்சனை வந்துடுமாம், நாலாம் பக்கத்துல போட்டிருந்தது."

கண்ணாடிக்காரர் நோட்டைப் பார்த்தார். ஒற்றைப்படை வாரங்களில் சராசரி பதினோரு வேலை. இரட்டைப்படை வாரங்களில் இரண்டு. அந்த இரண்டில் ஒன்று, விளக்கை அணைத்தது.

"இது அநியாயம்!" என்று எழுந்தார். கலங்கிய கண் காய்ந்துவிட்டது. "ஒரு மனுஷனை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கணும்னா, அவன் சம்மதம் வாங்கணும்! படிக்கக் குடுத்துக் கையெழுத்து வாங்கணும்! அதெல்லாம் படிவத்துலயே இருக்கு!"

"எந்தப் பக்கத்துல?"

கண்ணாடிக்காரர் கூரையைப் பார்த்தார்.

"ஏழாம் பக்கம்" என்றார் மனைவி. "நீங்க சொல்றது நியாயம்தாங்க. எனக்கும் உறுத்திக்கிட்டேதான் இருந்துது. இனிமே சம்மதம் இல்லாம எதுவும் கிடையாது. உக்காருங்க, காபி கொண்டு வரேன்."

இவ்வளவு சுலபமாக ஜெயிப்போம் என்று கண்ணாடிக்காரர் எதிர்பார்க்கவில்லை. நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார். மனைவி மேஜையிலிருந்த காகிதங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனார். காபியும் காகிதங்களும் பேனாவுமாகத் திரும்பி வந்தார்.

"நாளைக்கு ஆஸ்பத்திரியில குடுக்கணும்ல? கையெழுத்து போடற எடத்துல எல்லாம் பென்சில்ல குறி வெச்சிருக்கேன். படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க."

"படிக்கறதுக்கு என்ன இருக்கு? நிஜ மருந்து தர்றாங்க" என்று கண்ணாடிக்காரர் காபியை உறிஞ்சியபடி ஒவ்வொரு தாளாகப் புரட்டிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தார். ஐந்தாவது கையெழுத்தைப் போட்டு முடித்த பிறகுதான் பேனா நின்றது. "ஏம்மா, இது கோடு போட்ட நோட்டுத் தாளா இல்ல இருக்கு?"

"அது என்னோட ரெண்டாம் கட்டங்க."

அன்றுதான் கண்ணாடிக்காரர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, பொடி எழுத்து வாசித்தார். ஒன்று, குளியலறை அலமாரி முழுவதும் ஆய்வு செய்பவருக்கே. இரண்டு, ஆய்வு செய்பவர் பாராட்டினாலும் பாராட்டாவிட்டாலும் வாரம் பதினோரு வேலை. மூன்று, பங்கேற்பவர் பாதியில் விலக முடியாது.

கீழே சாட்சி என்ற இடத்தில் எதிர்வீட்டு டீச்சர் முந்தின நாள் தேதி போட்டுக் கையெழுத்திட்டிருந்தார்.