லண்டனுக்குப் போகாத நோட்டு

நான் எழுதியவற்றில் இந்த உலகத்தில் எதையாவது அசைத்தது ஒரே ஒரு நாற்பது பக்க நோட்டுதான். அதை எழுதியபோது எனக்கு ஒன்றும் தெரியாது என்பதையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். (இப்போது மட்டும் என்ன வாழ்கிறது என்பாள் என் மனைவி.)

எம்.ஏ. முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த வருஷம். கல்லூரி நூலகத்திலிருந்து தலையணை கனத்தில் ஒரு புத்தகம் எடுத்து வந்திருந்தேன். உலகத்துச் சாமிகளையும் புராணங்களையும் ஆராய்ந்த ஒரு வெள்ளைக்காரரின் கடிதத் தொகுப்பு. மனிதர் நாற்காலியை விட்டு எழுந்ததே கிடையாது. தூர தேசங்களில் இருந்த பாதிரிமார்களுக்கும் கலெக்டர்களுக்கும் கடிதம் போட்டே எல்லாவற்றையும் தெரிந்துகொண்டவர். உங்கள் பக்கத்தில் முதல் கதிரை யார் அறுப்பார்கள், கடைசிக் கதிர்க்கட்டில் தானிய தேவதை குடியிருக்கிறாளா என்று அறுநூறு பக்கத்துக்குக் கேள்வி. கூடவே ஒரு கண்டிப்பு: சொன்னவர் பெயர், தேதி, கையெழுத்து இல்லாத தகவல் வேண்டாம்.

படித்து முடித்ததும், திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் எங்கள் ஊரை அவர் விட்டுவிட்டாரே என்று எனக்குப் பதறியது. (அவர் செத்து முப்பது வருஷம் ஆகியிருந்தது. அதை நான் ஒரு தடையாகக் கருதவில்லை.)

தை மாதம், சம்பா அறுவடை. நோட்டும் பேனாவுமாகத் தாய்மாமாவின் வயலுக்குப் போனேன். கூலித் தகராறு, கொடி, போலீஸ் வேன் என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்த சமயம். போதாக்குறைக்கு, குத்தகைக்காரர் பேரைத் தாலுகா ஆபீசில் பதிய வேண்டும் என்று அரசாங்கம் புதுச் சட்டம் கொண்டுவந்திருந்தது. வரப்பில் நின்று பேனாவைத் திறந்தாலே அறுப்பு நின்றுவிடும். அதை என் புலமைக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

மாமாவின் இரண்டு ஏக்கரைக் குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்தவர் தையல்நாயகி. கணவரை இழந்தவர்.

"அக்கா, கடைசிக் கட்டுல யாரு குடியிருக்கா?"

"எலிதான் தம்பி. வேற யாரு இருப்பா?"

எழுதிக்கொண்டேன்.

"முதல் கதிரு?"

"பயிரு வச்சவதான் அறுக்கணும். நான் அறுத்து, அய்யா வீட்டு வாச நெலையில ஒரு கொத்து, எங்க வூட்டு நெலையில ஒரு கொத்து கட்டுவேன்."

அவர் கட்டைவிரலில் பேனா மையைத் தடவிக் கைநாட்டு வாங்கினேன். அடுத்தது மாமா வீடு. லண்டனுக்கு அனுப்பப் போகிறேன் என்றதும் மாமா உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். (கேமரா இல்லை. இருந்தாலும்.)

"எழுதிக்க மாப்ளே. பயிர் வச்சவங்கதான் முதப் பிடி அறுக்கணும், அதான் நம்ம வழக்கம். பதிமூணு வருஷமா தையல்நாயகிதான் அறுக்குறா. அவ கைராசி அப்படி. நான் அருவாளத் தொட்டதே இல்ல."

இரண்டு வரி நீளத்துக்குக் கையெழுத்துப் போட்டார். "வெள்ளைக்காரர் எப்ப பதில் போடுவாரு?"

"கொஞ்சம் தாமதமாகும் மாமா."

சித்திரையில் மாமா தையல்நாயகியை வயலில் இறங்கக் கூடாது என்றுவிட்டார். அவள் குத்தகைக்காரியே இல்லை, கூலி ஆள் என்று சாதித்தார். அந்த அம்மாளிடம் துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. எல்லாம் வாய்ப்பேச்சில் நடந்தது. தாசில்தாரிடம் மனுக் கொடுத்துவிட்டு ஒரு நாள் காலையில் என்னைத் தேடி வந்தார்.

"தம்பி, அந்த நோட்டு இருக்குங்களா?"

நோட்டும் இருந்தது, ஆவணியில் மாமா மகள் கோமதிக்கும் எனக்கும் கல்யாணம் என்ற பேச்சும் இருந்தது. தொலைந்துவிட்டது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இருக்கிறது என்று வந்துவிட்டது. வீரமெல்லாம் இல்லை. என் எழுத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் வீடு தேடி வந்தது அதுதான் முதல் தடவை.

விசாரணையில் தாசில்தார் முழு நோட்டையும் உரக்கப் படிக்கச் சொன்னார். ஒரு பக்கம் வெள்ளை வேட்டிகள், இன்னொரு பக்கம் சிவப்புத் துண்டுகள். நடுவில் நான், தானிய தேவதையோடு. எலி வந்ததும் மொத்த அறையும் வெடித்தது. அந்த வருஷம் இரண்டு தரப்பும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு மாமாவின் பக்கத்தைப் படித்தேன். தாசில்தார் நோட்டை வாங்கி மாமா பக்கம் திருப்பினார்.

"உங்க கையெழுத்துதானே?" என்றார் தாசில்தார்.

"கையெழுத்து என்னுதுதாங்க. ஆனா அது லண்டனுக்குப் போட்டதுங்க!"

"இது தாலுகா ஆபீசுங்க" என்று சொல்லிவிட்டு, தையல்நாயகியின் பேரைப் பதியச் சொன்னார்.

ஆவணியில் கல்யாணம் நடக்கவில்லை. அடுத்த தையில் தையல்நாயகி வழக்கம்போல முதல் கதிரை அறுத்து, மாமா வீட்டு நிலையிலும் ஒரு கொத்து கட்டிவிட்டுப் போனார். மாமா அதை அவிழ்க்கவில்லை. என்னோடு பேசவும் இல்லை. இரண்டு வருஷம் கழித்துக் கோமதிதான் கேட்டாளாம்: "அவரு எழுதுனதுல என்னப்பா பொய்யி? கையெழுத்து போட்டது நீங்கதானே?"

பிறகு எங்கள் கல்யாணத்தைப் பதிவு செய்யப் போனபோது சாட்சியாகப் பேனாவை வாங்கிய மாமா, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாப்ளே, இது லண்டனுக்கா, தாலுகா ஆபீசுக்கா?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தக் காகிதமும் இந்தக் கேள்வியைத் தாண்டாமல் போனதில்லை. என் மகள் பள்ளிக்கூட மார்க் அட்டையை நீட்டினாலும் இதைக் கேட்டுவிட்டுத்தான் நீட்டுவாள். இந்தக் கட்டுரையை உறையில் போடப் போனபோதும் கோமதி கேட்டாள்.

கீழே கையெழுத்துப் போட்டேன், இரண்டு வரி நீளத்துக்கு.