வாணி விழாவில் என் கீபோர்ட் கச்சேரி

ஒரு பொருளைப் பற்றி அளவுக்கு மிஞ்சிப் படித்தவனை நம்பி அந்தப் பொருளை வாங்கப் போகக்கூடாது. நான் அப்படிப் படித்தவன். வீட்டிலிருந்தே இசையமைப்பது என்று முடிவெடுத்தபோது எனக்கு ஒரு பாட்டுக்கூட ஒழுங்காக வாசிக்கத் தெரியாது. ஆனால் முதல் மிடி கீபோர்டை எப்படித் தெரிவுசெய்வது என்று யூடியூபில் நான் பார்க்காத வீடியோ இல்லை. கட்டை மென்மையா, இறுக்கமா, மேசையில் கொள்ளுமா என்றெல்லாம் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டில் இருந்தபடியே தீர்ப்புச் சொல்லுவேன். (கேட்கத்தான் ஆள் இல்லை.)

படித்ததில் முக்கியமானது ஒன்று. மிடி கீபோர்டுக்குச் சொந்தக் குரல் கிடையாது. எந்தக் கட்டையை எவ்வளவு பலமாக அழுத்தினோம் என்று அது கணினிக்குக் கோள் சொல்லும், பாடுவது கணினிதான். இது எனக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் வேறு ஒருவருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை.

நுகேகொடையில் இருந்த கடைக்குச் சித்தப்பாவும் கூட வந்தார். கொட்டாஞ்சேனையில் இரும்புக்கடை வைத்திருப்பவர். எதையும் கையால் தூக்கிப் பார்த்துத்தான் மதிப்புப் போடுவார். நான் மாதக்கணக்காக ஆராய்ந்து தெரிந்து வைத்திருந்த சின்னக் கீபோர்டை ஒரு கையால் தூக்கினார். முகம் சுருங்கியது.

"இதென்னடா, பாதியில அறுத்து வச்சிருக்கிறாங்கள்?"

"எனக்கு இது காணும் சித்தப்பா. மேசையில வைக்க..."

"மேசையைப் பாத்தோ வாத்தியம் வாங்கிறது? எடுக்கிறதெண்டால் முழுசா எடு."

கடைக்காரர் சிங்களத்தில், "லொக்கு எக்க ஹொந்தாய், மஹத்தயா" என்று பெரியதற்கே வாக்களித்தார். கடையின் கணினியில் அதைக் கொளுவி ஒரு கட்டையை அழுத்தினார். ஒரு வாத்தியக் கோஷ்டியே முழங்கியது. சித்தப்பா கீபோர்டின் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"பாத்தியோ? பாரத்துக்கு ஏத்த சத்தம்."

சத்தம் கணினியிலிருந்து வருகிறது என்று நான் அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நீங்கள் இசையமைப்பாளரா என்று கடைக்காரர் என்னைக் கேட்ட நேரமும் அதுதான். நான் அந்தக் கேள்வியிலேயே நின்றுவிட்டேன். பெரிய கீபோர்ட் வீட்டுக்கு வந்தது. மேசையில் கொள்ளவில்லை. கட்டிலில் அது படுத்தது, ஓரத்தில் நான் படுத்தேன்.

அந்த வருடம் நவராத்திரிக்கு எங்கள் தொடர்மாடியில் நடந்த வாணி விழாவில் என் தங்கை சுகன்யா முதல் தடவையாகத் தனியாகப் பாட இருந்தாள். அம்மன் பாட்டு ஒன்று. குளியலறையில், குசினியில், படிக்கட்டில் எல்லாம் அதே பாட்டுத்தான். ஹார்மோனியம் வாசிக்க ஒருவரையும் ஒழுங்கு பண்ணியிருந்தாள்.

"அவர் என்னத்துக்கு? நான் இருக்கிறன்" என்றேன். (பாட்டின் முதல் வரி அப்போது எனக்குப் பாதி பிடிபட்டிருந்தது.) அவள் அந்த மனுசனை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். என்னை நம்பினாள், பாவம்.

விழாவன்று பின்னேரம் நானும் சித்தப்பாவும் கீபோர்டைக் கீழ் மண்டபத்துக்குக் காவினோம். லப்டொப்பை அப்பா கொண்டுவருவதாக ஏற்பாடு. அப்பா வந்தார். நெற்றியில் விபூதி, கையில் ஒன்றுமில்லை.

"லப்டொப் எங்க அப்பா?"

"கொம்மா பூசையில வச்சிட்டா."

சரஸ்வதிக்கு முன்னால் வைத்த புத்தகத்தையும் பேனையையும் விஜயதசமி காலையில், நல்ல நேரம் பார்த்துத்தான் எடுக்கலாம். அதுவரைக்கும் தொடக்கூடாது. மாடிக்கு ஓடினேன். பாடப் புத்தகங்களுக்கு மேலே என் லப்டொப் இருந்தது. மூடியின் நடுவில் சந்தனம், அதற்கு மேல் குங்குமம், ஒரு செவ்வரத்தம்பூ.

"அம்மா, அது இல்லாட்டிக் கீபோர்டில சத்தம் வராது!"

"ஆருக்கு விடுறாய் கதை? கடையே அதிர்ந்ததெண்டு சித்தப்பா சொன்னவர்."

"அது கடையின்ர கம்பியூட்டர் அம்மா..."

"கீபோர்டையும் வச்சிருப்பன். அம்மனுக்கு முன்னால வாசிக்கத்தானே கொண்டுபோறாய் எண்டு விட்டனான். உன்ர ஒபிஸ் வேலையை நாளைக்குப் பார்."

இந்த வாதத்தில் இன்றுவரை எனக்கு ஓட்டை அகப்படவில்லை. (போனில் கொளுவியிருக்கலாமே என்பீர்கள். அதற்கு வேறு வயர் வேண்டும். அந்த வீடியோவை மட்டும் நான் பார்க்கவில்லை.)

திரும்பி வந்தபோது எங்கள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். சுகன்யா மேடையில் நின்றாள். சித்தப்பா சும்மா இருப்பாரா? கீபோர்ட் வயரைத் தன் போன் சார்ஜரில் செருகிவிட்டார். கீபோர்ட் முழுக்க லைட் எரிந்தது. சனம் "ஆ" என்றது. பிறகு அவர் ஒரு மைக்கை இழுத்துக் கட்டைகளுக்குக் கிட்டவாக வைத்தார்.

"சுருதி தா அண்ணா" என்றாள் மெதுவாக.

அழுத்தினேன். "டொக்."

இன்னொரு கட்டை. "டொக்." மண்டபத்தின் நாலு ஸ்பீக்கரிலும் தச்சுவேலை கேட்டது.

சுகன்யா திரும்பி என்னைப் பார்த்தாள். எத்தனையோ பேரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். ஒருவர் ஏச்சும் அந்தப் பார்வைக்குக் கிட்ட வராது. எனக்கு அழுகை வந்தது. எழும்பிப் போவது அதைவிட வெட்கம் என்று இருந்துவிட்டேன். இருந்தால் வாசிக்கத்தானே வேண்டும்? டொக், டொக்.

சுருதி இல்லாமல், குரல் போன இடத்தில் தொடங்கினாள். போன இடம் அளவுக்கு மிஞ்சிய உயரம். முதல் வரி தப்பியது. உச்சத்துக்கு ஏறும் வரியில் குரல் உடைந்து நின்றுவிட்டது. மண்டபத்தில் மிஞ்சியது என்னுடைய "டொக்" மட்டும். முன்வரிசை அன்ரிமார் கைதட்டி அந்த வரியைத் தாங்களே எடுத்தார்கள். பிறகு முழுச் சனமும் பாடியது. சுகன்யா மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர்களோடு சேர்ந்து பாடி முடித்தாள். கண்ணீர் வழிந்தது, ஆனால் சிரித்துக்கொண்டுதான் இறங்கினாள்.

"தம்பி நல்ல அடக்கமா வாசிச்சவர். பாட்டை அமத்தேல்லை" என்று மூன்றாம் மாடி அன்ரி என்னையும் பாராட்டினார்.

சுகன்யா என்னைத் தாண்டி மாடிக்கு ஏறிப் போனாள். மறுநாள் காலை லப்டொப் பூசையிலிருந்து இறங்கியதும் வந்து முன்னால் நின்றாள். "இப்ப சுருதி தாறியோ?"

இப்போது அவள் கலியாணம் முடித்துக் கனடாவில் இருக்கிறாள். வீடியோ கோலில் யாருடைய வாயாவது அசைந்து சத்தம் வராவிட்டால், அங்கேயும் இங்கேயும் எல்லோரும் ஒரே குரலில் "மாமா வாசிக்கிறார்!" என்பார்கள். டீவி சத்தத்தை நிறுத்தினாலும் அதேதான். அவளுடைய சின்ன மகள் பிறந்ததிலிருந்து இதைக் கேட்டு வளர்கிறாள்.

போன கிழமை லப்டொப், வயர் எல்லாம் ஒழுங்காகக் கொளுவி, அந்த அம்மன் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை பிழையில்லாமல் வீடியோ கோலில் அந்தச் சின்னவளுக்கு வாசித்துக் காட்டினேன். பிள்ளை புருவத்தைச் சுருக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு குசினிப் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"அம்மா, மாமா வாசிக்கேல்லை. சத்தம் கேக்குது!"