பெண் பார்த்த வீட்டில் நான்கு ஏஸ்

உள்ளங்கை வியர்க்கிறவர்கள் சீட்டு வித்தை கற்கக் கூடாது. கற்றாலும், அக்காவைப் பெண் பார்க்க வருகிற அன்று காட்டக் கூடாது. இரண்டையும் செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

கொருக்குப்பேட்டையில் எங்கள் குடும்பத்திலிருந்து கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். அந்தக் கர்வத்தில் நூலகப் புத்தகம் ஒன்றைப் பார்த்து, பொய்யாகச் சீட்டுக் கலைக்கப் பழகினேன். கட்டு முழுவதும் கலைவது போலத் தெரியும். மேலே இருக்கும் நான்கு ஏஸ் மட்டும் இடம் மாறாது.

கட்டுக்கு எங்கே போவது? பெட்டிக்கடையில் ஒரு பெண் சீட்டுக்கட்டு கேட்டால், அவள் வீடு சேர்வதற்கு முன் செய்தி சேர்ந்துவிடும். எங்கள் பக்கம் சீட்டு வெளியே வருவது சாவு வீட்டில்தான். பந்தலில் பாய் விரித்து, பிணம் எடுக்கும் வரை ஆண்கள் ஆடுவார்கள். அந்தக் கட்டை அப்புறம் யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். பின் தெருப் பால்காரர் இறந்தபோது பாய்க்கடியில் கிடந்ததை நான் கொண்டுவந்தேன். (படித்தவளுக்கு ஏது தீட்டு!)

இரண்டு மாதம் கதவைச் சாத்திக்கொண்டு பழகினேன். பரீட்சைக்குப் படிப்பதாக நினைத்து அம்மா டீ போட்டுக் கொடுத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எண்ணூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. கலா அக்கா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா என்னைத் தனியாக அழைத்து, "பாப்பா, இன்னிக்கு ஒரு நாள் வாயத் தொறக்காத" என்று கெஞ்சினார்.

நான் திறக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மாதான் திறந்தார்.

"சின்னது காலேஜாமே? படிச்சு இன்னாத்தக் கிழிக்கப் போவுது?"

என் காது சூடானது. உள்ளே போய்க் கட்டை எடுத்து வந்து, "அத்தே, ஒரு வித்தை காட்றேன்" என்று எதிரே உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் பயம் வந்தது. அப்பாவின் கண்கள் என் மேல் இருந்தன. வாய் உலர்ந்துவிட்டது, அங்கே இருந்த ஈரமெல்லாம் கைக்கு இறங்கியிருந்தது. வியர்வைக்குப் பூசிய பவுடர் குழைந்து இட்லி மாவாகியிருந்தது. முதல் கலைப்பு தப்பித்தது. இரண்டாவதில் சுண்டுவிரல் வழுக்கியது. ஐம்பத்திரண்டும் பறந்தன. கேசரியில் ஒன்று, மாப்பிள்ளை தலையில் ஒன்று, அவருடைய தாய்மாமன் மடியில் ஒன்று.

மாமா தன் மடியில் விழுந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இஸ்பேட் ராஜா. முகத்தில் பீடி சுட்ட ஓட்டை.

"டேய், இந்த ஓட்டை நான் போட்டதாச்சே! பால்காரன் சாவுக்கு வந்தப்ப ஆடுன கட்டுடா இது!"

மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த வெற்றிலையைக் கீழே வைத்தார். "நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல சாவு வூட்டுச் சீட்டா? எய்ந்திரிடா, போலாம்."

மூன்றாவது இடமும் போயிற்று. அதுவும் என் கையால். அக்காவைப் பார்க்கத் தைரியமில்லாமல், கேசரியில் குத்தி நின்ற ஆர்ட்டின் ராணியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குந்துக்கா," என்று மாப்பிள்ளையின் அம்மாவைத் தடுத்தார் மாமா. "என் ஆயுசுல நான் சீட்டுல கெலிச்சது ஒரே தபா. இந்தக் கட்டுலதான். ராசியான கட்டு இது. தட்டை மாத்து."

தலை குனிந்தே இருந்த அக்கா, வாயைப் பொத்தியும் முடியாமல் சிரித்துவிட்டாள். தலையில் கிளாவர் ஏழுடன் இருந்த மாப்பிள்ளை அப்போதுதான் அவளை நேராகப் பார்த்தார்.

"எனக்குச் சம்மதம்மா."

அந்த இஸ்பேட் ராஜாவை மாமா கல்யாணத்துக்கும் வளைகாப்புக்கும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் வந்தார். என் நான்கு ஏஸ் என்ன ஆயின என்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை.

போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். காபித் தட்டோடு கிளம்பிய என்னை அக்கா வழிமறித்து, தட்டைத் தான் வாங்கிக்கொண்டு, என் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"காலிதானே? சரி, போ."