கிளவுஸுக்குத் தேய்த்த நல்லெண்ணெய்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தயங்கி, ஒவ்வொரு தடவையும் பேனாவை மூடிவிட்டேன். பக்தியாலேயே புருஷன் வேலைக்கு வேட்டு வைக்கப் பார்த்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

என் வீட்டுக்காரர் சென்னையில் ஒரு கிளப்புக்குச் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடியவர். முட்டி போனதும் ஓய்வு பெற்று, நெய்வேலிக்கு வந்து பெண்பிள்ளைகளுக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தார். எங்கள் மகள் வள்ளிதான் கோல் கீப்பர். விஜயதசமி காலை மேட்சைப் பார்த்துவிட்டு, அவரைப் பர்மனென்ட் கோச்சாக வைப்பதா வேண்டாமா என்று ஊர் விளையாட்டுக் கமிட்டி முடிவு செய்வதாக இருந்தது. (பர்மனென்ட் என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் சாமி பெயருக்கு அடுத்த மரியாதை.)

முதல்நாள் ஆயுத பூஜை. மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் இருந்த என் அப்பா, ஸ்பேனரையெல்லாம் எண்ணெய் போட்டுத் துடைத்துத்தான் படைப்பார். நானும் அவருடைய பழைய பூட்ஸுக்குக் குங்குமம் வைத்தேன். வள்ளியின் கிளவுஸ் மட்டும் வறண்டு கிடந்தது. (பாவம், வாயில்லா ஜீவன்!) நல்லெண்ணெய் ஊற்றி நன்றாகத் தேய்த்துவிட்டேன்.

காலையில், படைத்ததை எடுப்பதற்கான மறுபூஜை முடித்து, நல்ல நேரம் பார்த்து நான் கிளவுஸோடு போய்ச் சேரும்போதே விசில் ஊதிவிட்டார்கள். வள்ளி அவசரமாக மாட்டினாள். உருண்டு வந்த முதல் பந்து அவள் கையில் விலாங்கு மாதிரி நழுவி உள்ளே போனது. இரண்டாவதும் அப்படியே.

"யம்மா! கிளவுஸ இன்னா பண்ண?"

"நல்லதுக்குத்தான்டி எண்ண போட்டேன்!"

மைதானமே சிரித்தது. அவர் கிளவுஸை வாங்கி முகர்ந்தார். "ஏன்டி, வட சுட எடுத்து வச்சிகினு இருந்தியா?"

நான் கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டேன். வள்ளி செம்மண்ணை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு வெறுங்கையோடு நின்றாள். அப்புறம் ஒரு பந்துகூட உள்ளே போகவில்லை. ஆனாலும் தோற்றது தோற்றதுதான்.

கமிட்டிப் பெரியவர் அவர் தோளில் தட்டினார். "வெறுங்கையில நிக்கிற அளவுக்குப் பொண்ணத் தயார் பண்ணிகிறீங்களே சார், நீங்களே இருங்க. அம்மாவ மட்டும் கிரவுண்டு பக்கம் வுடாதீங்க."

இன்றைக்கும் ஆயுத பூஜைக்கு முன்பே எங்கள் வீட்டு கிளவுஸெல்லாம் பக்கத்து குவார்ட்டர்ஸ் மேரி அக்கா வீட்டுக்குக் குடிபோய்விடும். அவரே கொண்டுபோய்க் கொடுப்பார்.

பக்கத்து ஊரான மந்தாரக்குப்பம் போவதற்குள் இந்தக் கதையில் எண்ணெய் டால்டாவாகிவிட்டது. போன மாசத்திலிருந்து கிரீஸ் என்கிறார்கள். அதனால்தான் எழுதினேன். தாராளமாக நாலு பேருக்குச் சொல்லுங்கள். மாற்றாமல் சொல்லுங்கள். அது நல்லெண்ணெய். சாமிக்கு விளக்கேற்றுகிற சுத்தமான நல்லெண்ணெய்.