எண்ணெய் குடிக்கும் காடி

பேட்ரிக் தம் காரின் எண்ணெய் அளக்கும் கம்பியை மூன்றாவது தடவையாகத் துடைத்து, உள்ளே விட்டு எடுத்தார். நுனிகூட நனையவில்லை. நேற்றுக் காலைதான் ஒரு லிட்டர் ஊற்றியிருந்தார். பாழாய்ப்போன காடி, எங்கேதான் கொண்டுபோய் வைத்துக்கொள்கிறதோ தெரியவில்லை.

தரையில் ஒரு சொட்டு கிடையாது. பின்னால் புகைக்குழாயில் புகையும் கிடையாது.

மனைவி மவுரீனுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து கோலா சிலாங்கூர் வரை அவளைக் கொண்டுபோக அவரை விட்டால் நாதியில்லை. காடி படுத்தால் அவளும் படுத்தாள், அவ்வளவுதான்.

பட்டறை சசிகுமார் வால்வு சீல் போயிருக்கும் என்று மாற்றினான். மறுநாளும் கம்பி காய்ந்துதான் வந்தது.

"கெட்டி எண்ணெயா ஊத்திப் பாப்போம் அங்கிள்."

ஊற்றினார்கள். இஞ்சின் இருமத் தொடங்கியதுதான் மிச்சம். எண்ணெய் அப்போதும் குறைந்தது.

"அப்ப பிஸ்டன் ரிங்குதான் லா. இஞ்சினப் பிரிக்கணும். மூனு நாளாகும்."

"வியாழக்கிழமை இவளுக்கு ரத்தம் சுத்தம் பண்ணணும்டா."

"பக்கத்து வீட்டு பெர்னடெட் அக்காகிட்ட காடி இருக்கே, கேளுங்க."

முப்பது வருஷம் லோரி ஓட்டிய மனுஷன், இன்னொருத்தர் காடிக்குப் போய்க் கை ஏந்துவாரா? கேட்கவில்லை. வியாழன் தவறியது. மவுரீனின் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை.

வெள்ளிக்கிழமை காடி புது எண்ணெயோடு திரும்பி வந்தது.

"ரிங்கு புதுசாட்டம் இருக்கு அங்கிள். இஞ்சின்ல ஒரு கோளாறும் இல்ல," என்றான் சசிகுமார்.

சனிக்கிழமை காலை கம்பியை எடுத்தார். காய்ந்து கிடந்தது. இன்றும் தவறினால் மவுரீன் தாங்கமாட்டாள். காடி குடிக்கவில்லை என்றால் மனுஷன்தானே எடுக்கிறான்? அவருக்கு ரத்தம் தலைக்கேறியது. நேரே பெர்னடெட் வீட்டு கேட்டைத் தட்டினார்.

"உன் வாசல்லேருந்து பாத்தா என் காடி நல்லாத் தெரியும். உனக்குத் தெரியாம எவன் எண்ணெய எடுக்கறான்? இல்ல, நீதான் எடுக்கறியா?"

"விடுங்க, உள்ள வாங்க," என்று வாசற்கதவைப் பிடித்தபடி கூப்பிட்டாள் மவுரீன்.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெர்னடெட் கோபப்படவில்லை. குழம்பிப்போய் அவரைப் பார்த்தாள்.

"என்ன அங்கிள் இப்படிக் கேக்குறீங்க? காலையில ஊத்துறீங்க, சாயங்காலம் எண்ணெய் கூடிப்போச்சுன்னு நீங்களேதானே அடியில படுத்து நட்டக் கழட்டி எடுத்துடுறீங்க. நேத்து டார்ச் புடிச்சதே நான்தானே."